ம்கூ என்றால் கால்

நவம்பர் 5, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. பெபிஷாவின் யூனிபார்ம் காயவில்லை. ஈரத்தோடு தேய்த்துப் போட்டு அனுப்பினேன். பள்ளிக்கூட ஆபீஸில் பாதி நாள் கரண்ட் இல்லை. லிஜியும் நானும் ஜன்னலோரம் உட்கார்ந்து அட்மிஷன் பைல்களை அடுக்கினோம்.

சாயங்காலம் ஸ்டெனி போனில் கூப்பிட்டார். அங்கே புது முந்திரிக்கொட்டை வரத் தொடங்கிவிட்டதாம். குடோனில் கூரை முட்ட மூட்டை. கருங்கல் ஊரில் அவர் வேலை பார்த்த அண்டி ஆபீஸ் என்கிற முந்திரி ஆலையை மூடியபோது, கொட்டை உடைக்கிற மெஷின் தெரிந்தவனுக்கு ஆப்பிரிக்காவில் வேலை உண்டு என்று கிளம்பிய மனுஷன். தான்சானியாவில் ம்ட்வாரா என்று ஒரு ஊர். அவர் முத்துவாரம் என்றுதான் சொல்லுவார்.

மகள் பெபிஷாவுக்கு தினம் அந்த ஊர்ச் சொல் ஒன்று சொல்லிக்கொடுக்கிறார். இன்றைக்கு எம்பே. மாம்பழம். "மேங்கோன்னா எம்பே. அம்மைக்கும் படிச்சுக் குடு மக்கா" என்றார். எனக்கு என்னத்துக்கு என்றேன்.

நவம்பர் 7, வியாழன்

நேற்று கூப்பிடவில்லை. இன்றும் இல்லை. நான் அனுப்பிய மெசேஜ் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. சீசன் நேரம், வேலை அதிகமாக இருக்கும். அப்படித்தான் இருக்கும்.

நவம்பர் 8, வெள்ளி

ஆபீஸிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் எடுத்தார்கள். ஸ்டெனி இல்லை, ஒரு பெண் குரல். பின்னால் நிறைய பேர் பேசுகிற சத்தம், சக்கரம் வைத்த எதுவோ உருளுகிற சத்தம். ஸ்டெனி எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவள் விடாமல் பேசினாள். "காகா ஸ்டெனி, காகா ஸ்டெனி" என்பது மட்டும்தான் பிடிபட்டது. லைன் போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் அதே நம்பரிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். "போலே சானா, தாதா." சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சுகிறாள். லிஜி தன் போனில் மொழிபெயர்க்கிற ஆப்பைத் திறந்து அதற்குக் கேட்கவைத்தாள். சுவாஹிலி என்று கண்டுபிடித்தது. திரையில் வந்தது: மிகவும் வருந்துகிறேன், சகோதரி.

எதற்கு வருந்த வேண்டும்? நம் ஊரில் ஒருத்தர் வீட்டுக்குப் போய் வருந்துகிறேன் என்று எப்போது சொல்லுவார்கள்?

தரையில் உட்கார்ந்துவிட்டேன் போலிருக்கிறது. முகத்தில் தண்ணீர் தெளித்ததாக லிஜி சொன்னாள்.

ஸ்டெனியின் தம்பி ரெஜின் மார்த்தாண்டத்தில் அவரை அனுப்பிய ஏஜென்டைப் பார்த்துவிட்டு நேரே இங்கே வந்தான். "மயினி, பேடிக்காண்டாம். சின்ன ஆக்சிடென்ட்தானாம். ஆஸ்பத்திரியில இருக்காராம். கம்பெனி பாத்துக்கிடும்னு சொல்லுகான்."

"ஏஜென்ட் அவருகிட்ட பேசினானா?"

"இல்ல மயினி."

பேசவே இல்லை. பிறகு எப்படித் தெரியும் சின்னது என்று? யாரு அளந்து பாத்தா?

பெபிஷாவிடம் அப்பாவின் போன் கெட்டுப்போயிற்று என்று சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 9, சனி

அந்தப் பெண் மெசேஜில் எழுதிய பெயர் மாமா சலீமா. யாரோ ஒரு மாமா போனில் எழுதித் தருகிறார் என்றே முதலில் நினைத்தேன். அங்கே மாமா என்றால் அம்மா. சலீமா என்பவளின் அம்மா. குவார்ட்டர்ஸில் ஒரு அம்மா சமைக்கிறாள், மீன் பொரித்தால் நம் ஊர் மாதிரியே இருக்கும் என்று ஸ்டெனி சொன்னது இவளைத்தான். கூட இருந்த கொல்லத்துக்காரர் லீவில் ஊருக்கு வந்திருக்கிறார். ஸ்டெனி பக்கத்தில் இப்போது இவள் மட்டும்தான். ஆங்கிலத்தில் குட் மார்னிங் தெரியும். அதற்கு மேல் கிடையாது.

காகா என்றால் அண்ணன். தேங்காய்ப்பட்டணத்தில் சாயபுமார் காக்கா என்று கூப்பிடுவது போலவே. தாதா என்றால் அக்கா. இதையெல்லாம் ஆப்பில் பார்த்தபோது ஒரு சிரிப்பு வந்தது. வந்ததற்கு வெட்கப்பட்டேன்.

மத்தியானம் அவள் ஒரே ஒரு சொல்லை எழுதி அனுப்பினாள். அமெலாஸ்வா. தமிழில் போட்டுப் பார்த்தேன். "அவர் கிடத்தப்பட்டுள்ளார்."

கிடத்துவது யாரை? எங்கே கிடத்தினார்கள், கட்டிலிலா பெட்டியிலா? தமிழில் கேட்டதுதான் தப்பு என்று ஆங்கிலத்துக்கு மாற்றினேன். அதுவும் படுக்க வைத்துவிட்டார்கள் என்றே சொன்னது. லிஜிக்கு போன் அடித்து அழுதேன். அவள் வீட்டில் இருந்தபடியே ஏதோ அகராதியைத் தேடி எடுத்தாள். "ஏட்டி, அழாண்டாம். ஆஸ்பத்திரியில சேத்தாச்சுன்னும் அர்த்தம் இருக்கு கேட்டியா. அட்மிட். அட்மிட்தாம்ட்டி."

இரண்டில் எது என்று சலீமாவின் அம்மாவுக்குத் தெரியும். கேட்க எனக்கு வார்த்தை இல்லை. உயிரோடு இருக்கிறாரா என்பதை ஆங்கிலத்தில் எழுதி, சுவாஹிலியில் என்ன வருகிறது என்று பார்த்து, அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு அவளுக்கு அடித்தேன். "யூ ஹாய்?"

"ந்தியோ, தாதா! யூ ஹாய். ந்தியோ, ந்தியோ."

ந்தியோ என்றால் ஆமாம்.

நவம்பர் 10, ஞாயிறு

ஆராதனையில் ஆயர் ஸ்டெனி பெயரைச் சொல்லி ஜெபித்தார். முடிந்து வெளியே வந்ததும் பெண்கள் என் கையைப் பிடித்தார்கள். பிடித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாம் முடிந்தவளின் கையைப் பிடிப்பது போல.

நவம்பர் 11, திங்கள்

எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் நாளை வேறு மாதிரி நினைத்துக்கொள்வேன்.

காலையில் டாக்டர் பேசினார், ஆங்கிலத்தில். பொறுமையான குரல். மூட்டை அடுக்கு சரிந்து கால்மேல் விழுந்திருக்கிறது. எலும்பு நொறுங்கிவிட்டது. இப்போது புண்ணில் விஷம் ஏறிக் காய்ச்சல் கொதிக்கிறது, நினைவு வந்து வந்து போகிறது. காலை எடுக்காவிட்டால் ஆள் பிழைப்பது சிரமம். அவரிடம் கேட்டால் உளறுகிறார், நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார். எவ்வளவு எடுப்பீர்கள் என்று கேட்டேன். முழங்கால் என்ற சொல் காதில் விழுந்தது. அதற்கு மேலேயா கீழேயா என்பதற்குள் லைன் அறுந்தது.

திரும்ப அடித்தால் போகவில்லை. இங்கே மழை, டவர் விட்டுவிட்டு வருகிறது. ரெஜின் ஏஜென்டுக்கு அடித்தான், எடுக்கவில்லை. கடைசியில் சலீமாவின் அம்மாவுக்கு மட்டும் மெசேஜ் போனது.

அவள் கேட்டிருந்தாள்: தக்தாரி (டாக்டர்) கேட்கிறார், ம்கூவை வெட்டலாமா?

ம்கூ. ஆப்பில் தேடினேன். ஆங்கிலத்தில் பாதத்துக்கு ஒரு சொல், முழுக்காலுக்கு வேறு சொல். பாதத்துக்குரியதைப் போட்டால் ம்கூ. முழுக்காலுக்குரியதைப் போட்டாலும் ம்கூ. நம் தமிழும் அப்படித்தானே. முள் குத்தினாலும் கால், தொடை ஒடிந்தாலும் கால். எது போகப்போகிறது என்று தெரியாமல் எதற்கு ஆமாம் சொல்லுவேன்?

ரெஜின் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். "மயினி, நீங்க சொல்லுங்க. எனக்க வாயில வராது."

ந்தியோ என்று எழுதினேன். அனுப்பும்முன் மறுபடியும் தேடினேன். ஆமாம் என்பது ந்தியோதானா? இல்லை என்பது ஹபானா. இரண்டையும் நான் மாற்றிப் படித்திருந்தால்? மறுபடியும் பார்த்தேன். எத்தனை தடவை பார்த்தேனோ. கர்த்தாவே, ஒரு சொல்லுக்கு இவ்வளவு பேடிச்சது கிடையாது.

அனுப்பினேன். கல்யாணத்தன்று கோயிலில் ஆயர் கேட்டதற்கு ஆமாம் சொன்னபோதுகூட இவ்வளவு தடவை யோசிக்கவில்லை.

பதில் வந்தது. கேஷோ, சா ம்பிலி. நாளை, இரண்டு மணிக்கு. அங்கே இரண்டு என்றால் நமக்கு நாலரை.

நவம்பர் 12, செவ்வாய்

லீவு போட்டேன். நாலரை வரைக்கும் என்ன செய்வது என்று தெரியாமல் வீடு முழுக்கக் கழுவினேன். லிஜி மத்தியானச் சாப்பாட்டோடு வந்தாள். வாயில் ஒரு பருக்கை வைக்கவில்லை, போன் சத்தம் போட்டது.

வமெமலிசா.

ஆப் சொன்னது: முடித்துவிட்டார்கள்.

இன்னும் தொடங்கவே இல்லையே! நாலரை ஆகவில்லையே! என்னத்த முடிச்சாவ? யார முடிச்சாவ? நான் கத்தியது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கிறது, ஓடிவந்தார்கள். நான்தான் ஆமாம் சொன்னேன், நான்தான் வெட்டச் சொன்னேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேனாம். சலீமாவின் அம்மாவுக்கு அடித்தால் எடுக்கவில்லை. லிஜி என்னைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் போனில் தேடிக்கொண்டே இருந்தாள்.

"பிரிஜா, நில்லு. இதப் பாரு. அவங்களுக்கு மணி வேற மாதிரிட்டி. சூரியன் உதிச்சப்பறம் எண்ணத் தொடங்குவாங்களாம். அவங்களுக்க ரெண்டு மணின்னா அங்க காலம்பற எட்டு, நமக்கு பத்தரை."

"அப்பம்?"

"அப்பம் காலம்பறயே ஆப்பரேஷன் தொடங்கியாச்சு. அதைத்தான் முடிச்சாச்சுங்குதா."

நம்பவில்லை. நம்பப் பயம். சலீமாவின் அம்மா திரும்பக் கூப்பிடும்வரை கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே இருந்தேன். கூப்பிட்டவளிடம் ஒரே கேள்வி. "யூ ஹாய்?"

"ந்தியோ. அனலாலா."

தூங்குகிறார்.

நவம்பர் 13, புதன்

எவ்வளவு எடுத்தார்கள் என்று கேட்டுக் கேட்டும் ம்கூ ம்கூ என்றே பதில் வந்தது. கடைசியில் அவள் ஒரு போட்டோ அனுப்பினாள். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து பாவாடையை முழங்காலுக்கு ஏற்றி, தன் வலது காலில் கையைக் கத்தி போல வைத்துக் காட்டுகிறாள். முழங்காலுக்குக் கீழே, ஒரு சாண் தள்ளி. அவளுடைய கால் தழும்பும் வெடிப்புமாக இருந்தது. அதைப் பார்த்து அழுதேன். முட்டு இருக்கிறது. வலது. முட்டு இருக்கிறது.

நவம்பர் 15, வெள்ளி

காய்ச்சல் இறங்கிவிட்டதாம். நினைவு தெளிந்துவிட்டதாம். வீடியோவில் கூப்பிட்டேன். சலீமாவின் அம்மா போனை அவர் பக்கம் திருப்பினாள். தாடி, குழிந்த கன்னம். "இஞ்ச பாருங்க" என்றேன். என்னைப் பார்த்தார். பார்த்தார் என்பது நிச்சயம். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஹதாகி" என்றாள் அவள், மெதுவாக. வேண்டாமாம்.

நவம்பர் 17, ஞாயிறு

தமிழில் வாய்ஸ் மெசேஜ் போட்டேன். ரெஜினும் போட்டான். பெபிஷா பாட்டுப் பாடி அனுப்பினாள். என் சத்தம் கேட்டாலே போர்வையை முகத்துக்கு மேலே இழுத்துக்கொள்கிறாராம். சாப்பிடுவதும் இல்லை.

நான் ஆமாம் சொன்னது அவருக்குத் தெரிந்துவிட்டதா? அதற்காகத்தானா?

நவம்பர் 18, திங்கள்

"ஹருதி." இதுதான் இன்று வந்தது. அவர் சொல்கிறாராம், திரும்பி வரமாட்டேன் என்று.

எங்கே திரும்பி? ஊருக்கா? எனக்கு இந்த மொழியில் இருக்கிற நூறு சொல்லை வைத்துக்கொண்டு இதற்கு அர்த்தம் பார்க்க முடியவில்லை. தமிழிலேயே பார்க்க முடியாது. முட்டத்துக்காரர் ஒருத்தர் வளைகுடாவிலிருந்து முதுகு ஒடிந்து வந்து, ஒரு மாதம் யாரோடும் பேசாமல் இருந்து, பிறகு செய்த காரியம் எனக்கு ஞாபகம் வருகிறது. வரக்கூடாது. வருகிறது.

ஆப்பில் தேடி எழுதினேன்: அவரைத் தனியாக விடாதே. கத்தி வேண்டாம். ஜன்னல் பக்கம் வேண்டாம். அவளுக்கும் வீடு இருக்கும், பிள்ளை இருக்கும். எந்த உரிமையில் கேட்கிறேன்?

"சியெந்தி" என்று பதில் போட்டாள். நான் போகமாட்டேன்.

நவம்பர் 20, புதன்

இன்று ஸ்டெனிக்கு எதுவும் அனுப்பவில்லை. சலீமாவின் அம்மாவுக்குத்தான் பேசி அனுப்பினேன், சுவாஹிலியில், என் வாயாலேயே. வேறு என்ன பேசத் தெரியும் எனக்கு? மழை பெய்கிறது. வீட்டில் தண்ணீர். பிள்ளைக்குப் பல் விழுந்தது. மீன் வாங்கினேன், மீன் நல்லதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலச் சொல்லைப் போட்டு அந்த ஊர்ச் சொல்லை எடுத்து, ஒட்டவைத்து, ஒட்டியது சரியா என்று தெரியாமல். பாதியில் இருமல் வந்தது.

அவள் பதில்: "போலே, தாதா."

இருமினதுக்குப் போலே! அப்படியானால் அன்றைக்கு அவள் சொன்னது செத்துப்போனதற்கு அல்ல. தடுக்கி விழுந்தவரிடமும் இருமுகிறவரிடமும் சொல்லுகிற சொல். அன்றைக்கே தெரிந்திருந்தால் எவ்வளவு ரத்தம் மிச்சமாகியிருக்கும் எனக்கு.

அவள் என் மெசேஜை வார்டில் சத்தமாகப் போட்டாளாம். பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்களாம். ஸ்டெனி போர்வையை இழுக்கவில்லையாம்.

நவம்பர் 22, வெள்ளி

இன்றும் பேசினேன். ஓடையில் பாம்பு, பள்ளிக்கூடம் லீவு, அரிசி தீர்ந்தது. அரை கப் கஞ்சி குடித்தாராம்.

நம்பிக்கை வருவது பயத்தைவிட மோசமாக இருக்கிறது. போன் அடித்தால் எடுக்கக் கை நீளவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

வெயில் அடித்தது. அலமாரியைத் திறந்து ஸ்டெனியின் சட்டை, கைலி எல்லாவற்றையும் எடுத்தேன். பூசணம் பிடித்த வாசம். எதற்குத் துவைக்கிறேன் என்று கேட்காமல் துவைத்துக் கொடியில் போட்டேன். பிறகு சலீமாவின் அம்மாவிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. துணி என்பது ங்குவோ. துவைப்பது குஃபுவா. நான் செய்தேன் என்பதற்கு முன்னால் நிமே போட வேண்டும், அது இத்தனை நாளில் படிந்துவிட்டது. நிமே, குஃபுவா. நன்றாக வேகமாகச் சொல்லி அனுப்பினேன்.

இரண்டு நிமிடம் இருக்காது. போன். வீடியோ. இருட்டு, பிறகு கூரை விசிறி, பிறகு ஸ்டெனியின் மூக்கும் ஒரு கண்ணும்.

"ஏட்டி, என்ன சொன்ன நீ?"

நான் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"என்ன சொன்னன்னு கேக்குதேன். மாமா சலீமா தலையில கைய வச்சிட்டு நிக்குதா. வார்டு முழுக்க எழும்பி உக்காந்தாச்சு."

"துணி... ஒங்க துணி தொவச்சேன்னு சொன்னேன்."

"அதுக்கு நிமேஃபுவா. குவை எடுத்திரணும். நீ சொன்னது என்னன்னு அறியுமா? நிமேகுஃபான்னு கேட்டுது. செத்துப்போனேன்னு அர்த்தம். நான் செத்துப்போனேன், துணி எல்லாம்னு." அவர் சத்தம் உடைந்தது. "ஒரு நிமிசம் எனக்க உயிரே போச்சுது பிள்ளே."

"எனக்கு எத்தன நாளா போவுது" என்றேன். சொல்லக்கூடாது என்று நினைத்தேன், ஆனால் வந்துவிட்டது. "கால வெட்டச் சொன்னது நான்தான். ந்தியோன்னு எழுதினது நான்தான். அதுக்கு எங்கிட்ட பேசாண்டாம். சோறு தின்னுங்க. பேசாண்டாம்."

பின்னால் யாரோ இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அதுக்கில்ல" என்றார். "அண்டி ஆபீஸ்ல மெசினுக்கு முன்ன நின்னுதான் வேல. ரெண்டு கால் வேணும். ஒத்தக் காலோட வந்து ஒனக்க முன்ன எப்பிடி நிக்க? அதாக்கும்."

போனைத் திருப்பிக் கொடியில் கிடந்த அவர் சட்டைகளைக் காட்டினேன். "சொல்லு" என்றார். "நிமேஃபுவா. சொல்லிப் பாரு."

சொன்னேன். சரியாக வரும்வரை விடவில்லை.

நவம்பர் 29, வெள்ளி

பயம் போகவில்லை. தினமும் பேசுகிறார். ஆனால் புண் ஆறுகிறதா என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார். டாக்டரிடம் கேட்டேன், ஆறுகிறது, மெதுவாக என்றார். அந்த மெதுவாக என்ற சொல்லை இரவும் பகலும் உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

டிசம்பர் 12, வியாழன்

கம்பெனி டிக்கெட் போட ஒத்துக்கொண்டது. ரெஜின் ஏஜென்ட் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து வாங்கினான்.

டிசம்பர் 21, சனி

திருவனந்தபுரம் ஏர்போர்ட். சக்கர நாற்காலியில் வந்தார். ஒரு பக்கம் பேண்ட் மடித்துப் பின் குத்தியிருந்தது. பெபிஷா என் சேலையைப் பிடித்துக்கொண்டு நகராமல் நின்றாள். மூன்று மாநகரம் தாண்டி வந்த மனுஷன் அந்தக் கொஞ்ச தூரத்தில் தலை குனிந்துகொண்டார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது, மடித்த இடத்தைப் பார்க்க. பார்த்தேன். பிறகு முகத்தைப் பார்த்தேன். "பிளைட்ல சோறு தந்தாவளா?" என்று கேட்டேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

வரும் வழியெல்லாம் சலீமாவின் அம்மாவைப் பற்றியே பேசினார். டார் எஸ் சலாமுக்குப் பஸ் ஏற்றும்வரை கூடவே வந்தாளாம்.

ஜனவரி 17, வெள்ளி

குளியலறையில் விழுந்தார். அடி இல்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன், அந்தப் பக்கம் அவர் வராதே என்று கத்தினார். நான் உள்ளே போனேன்.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் சண்டை. மார்த்தாண்டத்தில் தெரிந்தவர் ஒருத்தர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். உட்கார்ந்தே செய்யலாம், நாளையிலிருந்து போகிறேன் என்றார். செயற்கைக் கால் இன்னும் பழகவில்லை, பஸ் படி ஏறி இறங்கத் தெரியாது, ஈஸ்டர் கழியட்டும் என்றேன். "ஒனக்கு என்னத்தத் தெரியும்" என்றார். எனக்கு என்னவெல்லாம் தெரியும் என்று நானும் எடுத்துச் சொன்னேன், நன்றாகவே சொன்னேன். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு படாரென்று கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

நான் பாட்டுக்குச் சாளை மீனை உரசிக் கழுவி, குழம்பு கூட்டி, கொதிக்க வைத்தேன். தேங்காய் அரைத்துக்கொண்டிருக்கும்போதுதான் நினைத்தேன், எங்கே போனார் என்று பார்க்கவே இல்லையே, பயப்படவும் இல்லையே.

ஜங்ஷன் வரைக்கும் போய் வந்திருக்கிறார். பெபிஷாவுக்குப் பழம்பொரி வாங்கி வந்தார். எனக்கும் ஒன்று பேப்பரில் சுற்றி மேசைமேல் வைத்தார், என் முகத்தைப் பார்க்காமல். சோறு போட்டேன், தின்றார். குழம்பு கொள்ளாம், நல்லாருக்கு என்று பெபிஷாவிடம் சொல்கிறார், என்னிடம் இல்லை.

இப்போது மணி மூன்று. இன்னும் பேசவில்லை. நானும் பேசமாட்டேன். முதலில் அவர் வரட்டும்.